ஏலம் கூறுவதா, விலை குறிப்பதா? மாத்தளை வரலாறு தரும் விடை

இணையத்தின் வழியாக ஒரு பொருளை விற்க முற்படுபவர் முதலில் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. பொருளுக்கு ஒரு விலையைக் குறித்துவிட்டு வாங்குபவர் வரும்வரை காத்திருப்பதா? அல்லது ஏலத்தில் விட்டு, கேட்பவர்கள் தமக்குள் போட்டியிட்டு விலையை ஏற்றட்டும் என்று ஒதுங்கி நிற்பதா? 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய ஈபே நிறுவனம் முழுக்க முழுக்க ஏலத்தையே நம்பி எழுந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டிலேயே, குறித்த விலையைச் செலுத்தி உடனே வாங்கிக்கொள்ளும் வசதியையும் அது சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னைய ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பங்கு நிர்ணய விலைக்கே போய்ச் சேர்ந்தது. நம் நாட்டில் 2012இல் தொடங்கப்பட்ட இக்மன் போன்ற தளங்களிலும் விற்பவர் ஒரு விலையைக் குறிப்பதும், வாங்குபவர் அதைக் குறைத்துக் கேட்பதுமே வழக்கமாக உள்ளது.

இது கணினி யுகத்தில் பிறந்த புதிய வினாவன்று. இலங்கையின் மலையகத்துக்கு வடவாயிலாக அமைந்த மாத்தளை மாவட்டம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இவ்விரு முறைகளுக்கும் இடையே அலைக்கழிந்து வந்துள்ளது. காணி, மனித உழைப்பு, தேயிலை, இறப்பர், நெல், காய்கறி என அங்கு விற்கப்பட்ட ஒவ்வொன்றின் கதையும் இந்த வினாவுக்கு ஒரு விடையைத் தந்து நிற்கிறது. அந்த விடைகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் கதை

'ஏலம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உள. ஒன்று நறுமணப் பொருளாகிய ஏலக்காய். இது தொன்மையான தமிழ்ச் சொல். மற்றையது போட்டி விற்பனை. இது போர்த்துக்கேயரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. சிங்களத்தில் வழங்கும் 'வெந்தேசிய' என்ற சொல்லோ ஒல்லாந்தர் வழியாக வந்ததாகும். கடல் கடந்து வந்த வணிகர்கள் தத்தம் விற்பனை முறையோடு அதற்கான பெயரையும் விட்டுச் சென்றிருக்கின்றனர்.

இவ்விரண்டு ஏலங்களும் சந்திக்கும் இடமொன்று தமிழ்நாட்டில் உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்திலேயே விற்கப்படுகிறது. இன்று அது மின்னணு ஏலமாகவும் மாறிவிட்டது. மாத்தளையின் கிழக்கெல்லையில் உள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரின் காட்டு நிழலிலும் நெடுங்காலம் ஏலக்காய் விளைவிக்கப்பட்டது. ஆனால் மாத்தளையில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஏலத்துக்கு வந்த பொருள் நறுமணப் பண்டமன்று, காணியே.

ஐந்து சிலிங்குக்கு ஓர் ஏக்கர்

1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து, முடிக்குரிய காணிகளை இலவசமாக வழங்கும் வழக்கம் கைவிடப்பட்டு, அவற்றை விற்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஏக்கர் ஒன்றுக்கு 5 சிலிங் என்பது ஏலத்தின் ஆரம்ப விலை. பெயரளவில் அது ஏலமேயாயினும், கேட்பவர் தொகை சிறிதாக இருந்த காலத்தில் ஆரம்ப விலையே பெரும்பாலும் இறுதி விலையாகவும் அமைந்தது. போட்டியில்லாத ஏலம் நிர்ணய விலைக்கு மறுபெயர் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ச்சியுற்றது. 1835இல் பிரித்தானியாவில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டது. உடனே கண்டி, மாத்தளை மலைச்சரிவுகள்மீது முதலீட்டாளர் பார்வை விழுந்தது. 1834இல் விற்கப்பட்ட முடிக்குரிய காணி வெறும் 337 ஏக்கர். 1841இலோ அது 78,000 ஏக்கரைத் தாண்டியது. அரசாங்கத்தின் உயர் அதிகாரிகள் பலரும் தோட்ட உரிமையாளர்களாயினர். விற்பவரின் பணியாளரே வாங்குபவராகவும் நின்ற விசித்திரம் அது.

அதேவேளை இக்காணிகள் யாருடையவை என்ற அடிப்படை வினாவுக்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டது. காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம், மாறாக நிறுவப்படும்வரை முடிக்கு உரியது என்பதே அந்த விடை. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த கண்டிய விவசாயியிடம் சன்னசு என்னும் பட்டயம் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் உலகின் மறுமூலையில் நடந்த விவாதமொன்றையும் நோக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 1831 முதல் முடிக்குரிய காணிகள் 5 சிலிங் ஆரம்ப விலையில் ஏலம் கூறப்பட்டன. குடியேற்றக் கொள்கையாளரான எட்வேர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். எல்லாக் காணிக்கும் ஒரே நிர்ணய விலை இருத்தல் வேண்டும், அவ்விலை தொழிலாளி எளிதில் காணி வாங்கிக்கொண்டு கூலி வேலையை விட்டு விலக முடியாத அளவு உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். தென் அவுஸ்திரேலியா 1836இல் அக்கொள்கையின் அடிப்படையில் நிறுவப்பட்டது. 1842இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இரண்டையும் கலந்து, ஏலமும் வேண்டும், ஏக்கருக்கு ஒரு பவுண் என்ற கீழெல்லையும் வேண்டும் எனச் சட்டமியற்றியது. இரண்டாண்டுகள் கழித்து, 1844இல், அதே 20 சிலிங் கீழெல்லை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

இதன் விளைவு யாது? 5 சிலிங்கையே கொடுக்க இயலாத கிராமவாசிக்கு 20 சிலிங் எட்டாக் கனியாயிற்று. ஏல மண்டபத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆனால் அதன் வாசற்படி உயர்ந்துகொண்டே போனது. 1847இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியோடு கோப்பி விலை சரிந்தபோது, பெருந்தொகை கொட்டி உருவாக்கிய தோட்டங்கள் பல அற்ப விலைக்குக் கைமாறின. ஏலத்தில் வென்றவரே தோற்றவராகும் இந்நிலையை இன்றைய பொருளியலாளர் 'வென்றவரின் சாபம்' என்கின்றனர். உற்சாகத்தில் மிகையாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்வார் என்பதால், வெற்றியே நட்டத்தின் அறிகுறியாகிவிடுகிறது.

வருமானம் குன்றிய நிலையில் டொரிங்டன் தேசாதிபதி துப்பாக்கி, நாய், வண்டி, கடை என்பனவற்றின்மீது விதித்த வரிகள் 1848 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயின. அவ்வாண்டு ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டார். 28ஆம் திகதி வீர புரன் அப்பு முதலானோர் தலைமையில் திரண்டோர் மாத்தளையைத் தாக்கிக் கச்சேரியைக் கைப்பற்றினர். புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா செப்டெம்பர் 21இல் எல்கடுவையில் பிடிபட்டு, பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். வரியே உடனடிக் காரணமாயினும், காணி பறிபோன மனக்குமுறல் அதன் அடியில் கனன்றது என்பதை மறுத்தற்கியலாது. விற்பனை முறை எவ்வளவு நேர்த்தியாயினும், விற்பவருக்கு அப்பொருளில் உரிமையுண்டா என்ற வினா முதலில் தீர்க்கப்படாவிடின் முறையின் நேர்த்தியால் பயனில்லை என்பதே மாத்தளையின் முதற்பாடம்.

துண்டு முறை

அக்காலத்தில் மன்னாரில் கரையிறங்கிய தமிழகத் தொழிலாளர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் கால்நடையாகவே மாத்தளையை வந்தடைந்தனர். பசியாலும் கொலராவாலும் வழியில் மாண்டோர் பலர். உயிருடன் வந்தோருக்கு மாத்தளையே மலையகத்தின் வாசல். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இரயில் பாதை வந்தபோதும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு நடைபாதையே கதியாக இருந்தது.

இவர்களைப் பற்றிய கணக்கு கங்காணியின் கைகளில் இருந்தது. வரும்போதே முன்பணம் என்ற பெயரில் கடன் ஏறிவிடும். தொழிலாளர் வேறு தோட்டம் செல்ல விரும்பின், இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கூட்டத்தை விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அச்சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆட்பற்றாக்குறை நிலவிய காலங்களில் தோட்டங்கள் போட்டியிட்டுக் கொண்டு துண்டுக்குப் பணம் கட்டின. மண்டபமில்லை, தரகரில்லை, சுத்தியலில்லை. எனினும் அது ஓர் ஏலமே.

இந்த ஏலத்தில் விலை ஏறியபோது இலாபம் கங்காணிக்குச் சென்றது. ஏறிய தொகையோ தொழிலாளியின் கடன் கணக்கில் எழுதப்பட்டது. பொதுவாக ஏலத்தில் விலை உயர்ந்தால் விற்பவருக்கு நன்மை. இங்கு விற்கப்பட்டவன் தொழிலாளியாக இருக்க, விற்றவர் வேறொருவராக இருந்தமையால், விலை உயர உயர விலங்கு இறுகியது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்தியது. மறைமுக ஏலத்தின் இடத்தில் நிர்ணய விலை வந்தது. அது போதுமானதாக இருந்ததா என்பது வேறு. ஆனால் பேரம் பேசும் வலுவற்றவனுக்கு நிர்ணய விலை ஒரு கேடயம் என்பது அன்று உணரப்பட்டது.

தேயிலையும் சுத்தியலும்

1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் எல்கடுவ, இரத்தோட்டை மலைகளில் தேயிலை ஏறியது. இலங்கைத் தேயிலை முதலில் இலண்டன் ஏலத்துக்கே சென்றது. அங்கு கிழக்கிந்தியக் கம்பனி 1679லேயே தேயிலை ஏலத்தைத் தொடங்கியிருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, குறித்த அளவு எரிந்து முடியும்வரை கேள்வி ஏற்கும் விநோத வழக்கமும் அங்கு நிலவியது. இணைய ஏலத்தில் கடைசிச் சில விநாடிகளில் கேள்விகள் குவிவதைக் காண்போர், அன்றைய மெழுகுவர்த்தியின் இறுதிச் சுடரைச் சுற்றி நின்றவர்களின் பதற்றத்தை எளிதில் உணர்வர்.

கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி சொமர்வில் கம்பனியின் பணிமனையில் இடம்பெற்றது. கொல்கத்தாவில் அது 1861லேயே ஆரம்பமாகியிருந்தது. இலண்டன் ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்டபின்னரும் கொழும்பு ஏலம் தொடர்கிறது. இலங்கைத் தேயிலையின் மிகப் பெரும்பகுதி இன்றும் இதன் வழியாகவே விலைபோகிறது.

தேயிலைக்கு ஏலம் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே மலையில், ஒரே தொழிற்சாலையில் விளைந்த தூளாயினும் இவ்வாரத்துத் தூளும் அடுத்த வாரத்துத் தூளும் ஒன்றல்ல. மழை, காற்று, கொழுந்தின் முதிர்ச்சி, வாட்டும் நேரம் யாவும் சுவையை மாற்றுகின்றன. ஆகவே எந்த அட்டவணையும் முன்கூட்டியே விலை குறிக்க இயலாது. தரகர்கள் பட்டியல் தயாரித்து, மாதிரிகளை வாங்குநருக்கு அனுப்பி, தாமும் சுவைத்து மதிப்பிடுகின்றனர். பொருளைச் சோதித்து அறிந்தவர்கள் பலர் ஒரே வேளையில் கேட்கின்றனர். கேட்கப்பட்ட விலை மதிப்பீட்டை எட்டாவிடின் சரக்கு விற்கப்படாமல் அடுத்த ஏலத்துக்குத் திரும்பும். பொருளின் தனித்தன்மை, வாங்குவோரின் அறிவு, அவர்களின் எண்ணிக்கை, விற்க மறுக்கும் உரிமை ஆகிய நான்கும் அங்கு ஒன்றுசேர்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்த சுத்தியல் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏலம் இணையவழிக்கு மாறியது. பல்லாண்டு காலம் பேசப்பட்டும் நிறைவேறாத மாற்றம் சில வாரங்களில் நிறைவேறிற்று. வாங்குபவர்கள் தத்தம் பணிமனையிலோ வீட்டிலோ இருந்தவாறு கேட்கத் தொடங்கினர். மண்டபம் மறைந்ததே தவிர, முறை மறையவில்லை.

ஏலத்தின் நன்மை மலையுச்சிவரை ஏறிச் செல்கிறதா என்பது அடுத்த கேள்வி. தமது கொழுந்தைத் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சிறுதோட்ட உரிமையாளருக்கு, அத்தொழிற்சாலையின் நிகர விற்பனைச் சராசரியில் 68 வீதமும் தொழிற்சாலைக்கு 32 வீதமும் என்ற பங்கீடு நடைமுறையில் உள்ளது. அதாவது அவரது வருமானம் ஏலத்தோடு கட்டப்பட்டுள்ளது. ஏலம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். பெருந்தோட்டத் தொழிலாளியின் நிலை அவ்வாறன்று. அவரது நாட்கூலி நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின்னரே மாறுவது. 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021லேயே நிறைவேறியது. 2022இன் கடும் பணவீக்கத்தின் பின்னர், 2024இலேயே அது 1,350 ரூபாவாயிற்று. தேயிலையின் விலை வாரந்தோறும் அசைகிறது. அதைப் பறிக்கும் கையின் விலையோ ஆண்டுக்கணக்கில் அசையாது நிற்கிறது. பணவீக்கம் தலைவிரித்தாடும் காலத்தில் கேடயமாக வந்த நிர்ணய விலையே சுமையாகவும் மாறக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இறப்பரும் அரிசியும்

மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் கொக்கோவும் மிளகும் விளைந்தன. இறப்பரின் கதை மறுபக்கத்தைக் காட்டுவது. கொரிய யுத்தம் தொடங்கியபோது விண்ணைத் தொட்ட இறப்பர் விலை 1952இல் சரிந்தது. அதேவேளை அரிசிக்குத் தட்டுப்பாடு. உலகச் சந்தையின் கைகளில் தன்னை ஒப்படைத்திருந்த சிறிய நாடு, விற்கும்போது மலிவாகவும் வாங்கும்போது உயர்வாகவும் விலை கண்டு திகைத்தது.

அந்நிலையில் வர்த்தக அமைச்சராயிருந்த ஆர்.ஜி. சேனநாயக்கவின் முயற்சியால் 1952 டிசம்பர் 18இல் சீனாவுடன் இறப்பர்-அரிசி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. ஆண்டொன்றுக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பர் இங்கிருந்து செல்லும். 270,000 மெற்றிக் தொன் அரிசி அங்கிருந்து வரும். உடன்படிக்கையின் காலம் ஐந்தாண்டுகள். சீனா சந்தை விலையைவிட உயர்ந்த விலை கொடுக்க முன்வந்தது. சீனாவுக்குப் போர்முக்கியத்துவம் வாய்ந்த பொருள்களை விற்கலாகாது என்ற தடையை மீறியதால் அமெரிக்க உதவியை இலங்கை இழக்க நேர்ந்தது. எனினும் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டு மூன்று தசாப்தங்கள் நீடித்தது.

இங்கு ஏலத்தைவிடப் பேசி முடித்த விலையே நன்மை தந்தது. ஏனெனில் ஒரு தர இறப்பருக்கும் அதே தரத்து மற்றோர் இறப்பருக்கும் பெரிய வேறுபாடில்லை. சுவைத்துப் பார்த்து வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அதனைக் கட்டாயம் வேண்டி நின்ற ஒரு பெரிய வாங்குநரும் கிடைத்தார். விற்பவருக்குத் தேவைப்பட்டதும் உச்சவிலையன்று, உறுதியே.

நெல்லும் காய்கறியும்

மாவட்டத்தின் வடபகுதியான கலேவெல, தம்புள்ளை, நாவுல வயல்களில் உறுதி தேடும் முயற்சி நெல்லுக்கான உத்தரவாத விலையாக வந்தது. 1971இல் நெற்சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது. 1976இல் போவதென்ன நீர்த்தேக்கமும் எழுந்தது. உத்தரவாத விலையின் பயன், அரசு அந்த விலைக்கு உண்மையாகவே நெல்லை வாங்குவதில் தங்கியிருந்தது. களஞ்சியம் திறக்காத நாளில் குறித்த விலை சுவரில் எழுதிய விலையே. ஈரநெல்லை வைத்துக்கொண்டு காத்திருக்க இயலாத உழவன் வண்டியோடு வந்த வியாபாரியிடமே சரணடைந்தான்.

1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் நிறுவப்பட்டது. நாட்டின் காய்கறி விலைகளை அதுவே தீர்மானிக்கிறது என்று சொல்லுமளவுக்கு அது வளர்ந்தது. ஆனால் அங்கு நடப்பது ஏலமுமன்று, நிர்ணய விலையுமன்று. லொறிகள் வந்து சேர, கடைக்காரர் அன்றைய வரத்தைப் பார்த்து விலை சொல்ல, விவசாயி ஏற்றுக்கொள்வதே பெரும்பாலும் நடைமுறை. நெதர்லாந்தில் 1887லேயே காய்கறி விவசாயிகள் ஏல முறையைக் கைக்கொண்டனர். மேலிருந்து கீழாக விலையை இறக்கிக்கொண்டே வந்து, முதலில் நிறுத்துபவருக்கே சரக்கு என்ற அம்முறையில் விற்பனை கணப்பொழுதில் முடிந்துவிடும். வாடும் பொருளுக்கு அவ்விரைவு அவசியம். நமது யாழ்ப்பாணக் கடற்கரைகளில் மீனைக் கூறி விற்பதும் அதே அவசரத்தின் விளைவே. பத்துப்பேர் சூழ்ந்து நிற்க வெளிப்படையாகக் கூறப்படும் விலைக்கும், ஒருவர் காதோடு சொல்லும் விலைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தம்புள்ளை விவசாயி நன்கறிவார்.

விடை

ஏலக் கோட்பாட்டு ஆய்வுகளுக்காக 1996இல் வில்லியம் விக்ரிக்கும், 2020இல் போல் மில்குரோம், ரொபர்ட் வில்சன் ஆகியோருக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கணிதத்தால் நிறுவியவற்றின் சாரத்தை மாத்தளை தன் வரலாற்றால் காட்டி நிற்கிறது.

பொருள் அரியதாய், அதன் மதிப்பு விற்பவருக்கே தெளிவாகத் தெரியாததாய், அதனை அறிந்து கேட்பவர் பலராய் இருந்தால் ஏலம் நன்று. பொருள் எங்கும் கிடைப்பதாய், விலை ஊரறிந்ததாய் இருந்தால் விலையைக் குறித்துவிடுவதே நன்று. கேட்பவர் ஒருவரோ இருவரோ எனில் ஏலத்தை நம்புதல் வீண். அதற்குக் கீழெல்லை ஒன்றை வைத்தல் இன்றியமையாதது. ஆனால் கீழெல்லையை மிக உயர்த்தினால் எளியவர் விலகிவிடுவர். காத்திருக்கும் வலிமை இல்லாதவருக்கு எம்முறையும் முழுப்பயன் தராது. பழைய நூலையோ பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கையோ இணையத்தில் விற்கப்போகும் வாசகரும், ஒரு மூட்டை மிளகை விற்கப்போகும் இரத்தோட்டை விவசாயியும் இவ்வளவையும் மனத்திற் கொள்ளலாம்.

ஆனால் விற்பனை என்பது இருவரோடு முடிவதன்று. 1840களில் மாத்தளைக் காணி ஏலத்தில் சட்டப்படி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பட்டியல் இருந்தது, ஆரம்ப விலை இருந்தது, கேள்வியும் இருந்தது. அந்த நிலத்தில் சேனை செய்தவன் மட்டும் அங்கு இல்லை. விலை எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்று கேட்பதற்கு முன்னால், அது தீர்மானிக்கப்பட்ட இடத்தில் யார் இருக்கவில்லை என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும்.